கேஸ் ஷீட்டை நம்பாத ஹிலாரி மாண்டெல்

ஹிலாரி மாண்டெல் பற்றி எழுதுகிற எல்லோரும் புக்கர் பரிசில்தான் தொடங்குகிறார்கள். 2009, 2012 என்று இரண்டு தடவை புக்கர் வாங்கியவர், அப்படி இரண்டு தடவை வாங்கிய முதல் பெண், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லை வைத்து மூன்று தடித்த நாவல்கள் எழுதியவர். எல்லாம் சரிதான். ஆனால் அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1979ஆம் ஆண்டின் கடைசி மாதம். அப்போது அவருக்கு வயது 27. ஐந்து வருடமாக எழுதிவந்த ஒரு பெரிய நாவலை அப்போதுதான் முடித்திருந்தார். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அவருடைய கருப்பை, சினைப்பைகள், குடலில் ஒரு பகுதி எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசில்தான் என்று டாக்டர்கள் வருடக்கணக்கில் சொல்லி அனுப்பிய வலிக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் யாரும் இல்லை, மாண்டெலேதான். ஆப்பிரிக்காவில் உட்கார்ந்து ஒரு மருத்துவப் பாடப்புத்தகத்தைப் படித்துக் கண்டுபிடித்தார்.

அவருடைய எழுத்து முழுக்க இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம். ஒரு ஆளைப் பற்றி மேலே இருப்பவர்கள் எழுதிவைத்த குறிப்பு ஒரு பக்கம், அந்த ஆள் உள்ளுக்குள் வாழ்ந்தது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத் தன் உடம்பிலேயே அனுபவித்தவர் மாண்டெல். பிறகு ஐநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களைப் பற்றி எழுதும்போதும் கேஸ் ஷீட்டில் இருப்பதை அவர் அப்படியே ஏற்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. வரி வரியாக உட்கார்ந்து படித்தார். அடித்த வரிகளைக்கூட விடாமல் படித்தார்.

பிறந்தது 1952 ஜூலை 6, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் க்ளாசப் என்ற ஊர். வளர்ந்தது பக்கத்திலேயே ஹாட்ஃபீல்டு. பருத்தி மில் ஊர், பின்னால் மரமே இல்லாத மேட்டு நிலம், எந்நேரமும் மழை. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம், அம்மா வழிப் பெண்கள் மில் வேலைக்குப் போனவர்கள். அப்பா பெயர் ஹென்றி தாம்ப்சன். ஹிலாரிக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஜாக் மாண்டெல் என்பவர் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார், அப்புறம் அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவும் ஜாக்கும் ஒரு அறையில், அப்பா வேறொரு அறையில். இப்படியே சில வருடங்கள் ஒரே கூரைக்குக் கீழே! ஐம்பதுகளின் இங்கிலாந்தில், அதுவும் கத்தோலிக்கர்கள் நிறைந்த சின்ன ஊரில், அக்கம்பக்கத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வயதில் குடும்பம் ரோமிலி என்ற ஊருக்கு மாறியபோது அப்பா கூட வரவில்லை. அதற்கப்புறம் ஹிலாரி அவரைப் பார்க்கவே இல்லை. பள்ளியில் பெயர் ஹிலாரி மாண்டெல் ஆகிவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் குடும்பப் பெயர் அவர் பெற்ற தந்தையுடையது அல்ல.

2003இல் வந்த அவருடைய தன்வரலாறு, 'கிவிங் அப் த கோஸ்ட்', இந்தக் காலத்தைச் சொல்லும் விதம் அபாரமானது. ஏழு வயதில் வீட்டுத் தோட்டத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்ததாக எழுதுகிறார். உருவம் கிடையாது, விளிம்பு கிடையாது, காற்றில் ஒரு நெளிவு, இரண்டு வயதுக் குழந்தையின் உயரம். பார்த்ததும் குமட்டுகிறது, அது உள்ளே புகுந்துவிட்டது என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். பேய் என்றோ பிரமை என்றோ குடும்பச் சிக்கலின் குறியீடு என்றோ பெயர் எதுவும் வைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிறு வயதிலிருந்தே அவருக்குக் காய்ச்சலும் தலைவலியும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. ஊர் டாக்டர் 'லிட்டில் மிஸ் நெவர்வெல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். அவரைப் பற்றிய முதல் கேஸ் ஷீட் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

1970இல் சட்டம் படிக்க லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனார். காதலர் ஜெரால்டு மெக்யூவன் புவியியல்துறை மாணவர், பாறை படிப்பவர், அவர் இருந்த ஷெஃபீல்டுக்கே பிறகு மாறிக்கொண்டார். இருபது இருபத்தொரு வயதுக்குள் கல்யாணம். வக்கீலாக வேண்டும் என்ற ஆசைக்குப் பணம் இல்லை. அப்போதுதான் வலி பெரிதாக ஆரம்பித்தது. கால், வயிறு, இடுப்பு என்று எல்லா இடத்திலும் வலி. பல்கலைக்கழக டாக்டரிடம் போனால் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார், அவர் மாத்திரை எழுதுகிறார், மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை. மனச்சோர்வுக்கான மருந்தில் தொடங்கி மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து வரை போய்விட்டார்கள். அந்த மருந்துகளில் ஒன்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, உட்காரவும் முடியாது நிற்கவும் முடியாது, தோலுக்குள்ளே யாரோ பிடித்து உலுக்குவதைப் போன்ற ஒரு தவிப்பு. வாழ்க்கையில் பட்டதிலேயே மோசம் அதுதான் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தவிப்பையும் டாக்டர்கள் பைத்தியத்தின் அறிகுறியாகத்தான் குறித்துக்கொண்டார்கள். படிக்கிற பெண், லட்சியம் அதிகம், அதுதான் நோய் என்பது அவர்கள் முடிவு. அவர் ஒரு கதை எழுதியிருப்பதாகச் சொன்னபோது, இனிமேல் எழுதாதே என்று அந்த மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது, மிகையாகச் சொல்லவில்லை. மாதவிடாய் வலி என்று போய் நின்ற எத்தனை பெண்களிடம் இன்றைக்கும் 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

நல்லவேளை, அவர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. 1974இல், வயது 22, மான்செஸ்டரில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண் வேலை. அதற்கு முன்னால் முதியோர் மருத்துவமனையில் சமூகப் பணி. மாலையில் வீட்டுக்கு வந்து பிரெஞ்சுப் புரட்சி பற்றி நூலகப் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு குறிப்பெடுப்பார். புரட்சித் தலைவர்கள் தான்தோன், ரோபெஸ்பியர், கமீல் தெமூலேன் மூவரையும் வைத்து ஒரு நாவல். இப்படி ஒன்றைப் படிக்க ஆசைப்பட்டார், மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் தானே எழுதினார். 1977இல் ஜெரால்டுக்குப் போட்ஸ்வானாவில் வேலை கிடைக்க, கையெழுத்துப் பிரதியும் கூடவே போனது. அங்கேதான் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயைக் கண்டுபிடித்தார். கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய திசு வெளியே மற்ற உறுப்புகளின்மேல் வளர்ந்து, ஒவ்வொரு மாதமும் அங்கேயும் இரத்தம் கசிந்து, வடுவாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும் நோய். லண்டன் டாக்டர்களிடம் போய்த் தன் சந்தேகத்தைச் சொன்னார், அவர்களும் ஆமாம் என்றார்கள். ஆனால் அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. 27 வயதில் குழந்தை என்ற பேச்சே முடிந்தது. ஹார்மோன் சிகிச்சையில் ஒல்லியாக இருந்த பெண் பல மடங்கு பருத்துப்போனார், தன் உடம்பே தனக்கு அடையாளம் தெரியாத நிலை. அத்தனைக்கும் பிறகு நோய் முழுதாகப் போகவும் இல்லை, கடைசிவரை கூடவே இருந்தது. நடுவில் ஜெரால்டோடு விவாகரத்து, அடுத்த வருடமே மறுபடி அவரோடேயே கல்யாணம்.

பிரெஞ்சுப் புரட்சி நாவலை யாரும் சீண்டவில்லை என்று சொன்னேன் அல்லவா. அந்தக் காலத்தில் சரித்திர நாவல் என்றாலே பட்டுப் பாவாடையும் கள்ளக் காதலும்தான் என்ற நினைப்பு பதிப்புலகில் இருந்தது, பிரதியைப் பிரித்துப் பார்க்காமலே வேண்டாம் என்றவர்கள் உண்டு. மாண்டெல் உட்கார்ந்து யோசித்தார். இவர்கள் சரித்திரம் வேண்டாம் என்கிறார்களா, சரி, நிகழ்காலத்தில் சின்னதாக ஒன்று எழுதி உள்ளே நுழைவோம். அப்படிப் பிறந்ததுதான் 1985இல் வந்த முதல் நாவல், 'எவ்ரி டே இஸ் மதர்ஸ் டே'. ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் தாயும் மகளும், அவர்களைக் கவனிக்க வேண்டிய ஒரு சமூகப் பணியாளர். அந்த வீட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது சமூகநலத் துறையின் கோப்புகளில் கடைசிவரை ஏறுவதே இல்லை. கன்னங்கரேலென்ற நகைச்சுவை, சிரித்துக்கொண்டே படிக்கையில் வயிற்றைப் பிசையும். நுழைவதற்காக எழுதியது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. பின்னால் வரப்போகும் மாண்டெல் முழுதாக இதிலேயே இருக்கிறார்.

ஜெரால்டின் வேலை அதற்குள் அவர்களை சவூதியின் ஜெட்டாவுக்குக் கொண்டுபோயிருந்தது. நாலு வருடம். அந்தக் காலத்தில் அங்கே பெண் தனியாக வெளியே போக முடியாது, அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே பகல் முழுக்க. அங்கிருந்து கிளம்பிய நாள் தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான நாள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அனுபவம் 1988இல் 'எய்ட் மன்த்ஸ் ஆன் கஸ்ஸா ஸ்ட்ரீட்' நாவலானது. ஜெட்டா பற்றிய கட்டுரைக்கு 1987இல் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் ஷிவா நைபால் பரிசு கிடைத்தது, அதே பத்திரிகையில் சில வருடம் சினிமா விமர்சனமும் எழுதினார்.

அந்தப் பிரெஞ்சு நாவல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 90களின் தொடக்கத்தில் ஐரிஷ் எழுத்தாளர் க்ளேர் பாய்லன், அச்சேறாமல் போன முதல் நாவல்கள் பற்றி ஒரு கட்டுரைக்காக எழுத்தாளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாண்டெலையும் கேட்டார். இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆமாம், ஒன்று இருக்கிறது என்றார். 1992இல் 'எ ப்ளேஸ் ஆஃப் க்ரேட்டர் சேஃப்டி' வெளிவந்தது, எண்ணூறு பக்கத்துக்கு மேல். சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் அந்த ஆண்டுப் பரிசும் கிடைத்தது. எழுதத் தொடங்கி 18 வருடம் கழித்து! புரட்சித் தலைவர்களை அது சிலைகளாக நிறுத்தி வைப்பதில்லை. கடன், காதல், பொறாமை, திக்குவாய் என்று சாதாரண இளைஞர்களாக நடமாட விடுகிறது. க்ராம்வெல் நாவல்களைப் படித்தவர்கள்கூட இதைத் தொடுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு நாவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு நிஜ உலகத்தில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1998இல் வந்த 'த ஜயண்ட், ஓ'ப்ரையன்'. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து, தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்த சார்லஸ் பர்ன் என்பவரின் கதையை ஒட்டியது. ஏழரை அடி உயரம். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் தன் உடம்புக்காகக் காத்திருக்கிறார் என்பது பர்னுக்குத் தெரியும். செத்தால் என்னைக் கடலில் போட்டுவிடுங்கள், அந்த ஆள் கையில் சிக்க விடாதீர்கள் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1783இல் செத்தார், ஹன்டர் பணம் கொடுத்து உடலை வாங்கிவிட்டார். எலும்புக்கூடு லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் கண்ணாடிக்குள் நின்றது. நாவலில் மாண்டெல் அந்த உடம்புக்கு ஒரு குரல் கொடுத்தார், கதை சொல்லும் குரல். ராட்சதன் பழைய ஐரிஷ் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், ஹன்டர் அவனை அளந்துகொண்டே இருக்கிறார். 2020இல், அந்த எலும்புகளை அயர்லாந்துக்கு அனுப்பி அடக்கம் செய்யுங்கள் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். 2023 ஜனவரியில் இனி அதைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று அருங்காட்சியகம் அறிவித்தது. அதைக் கேட்க மாண்டெல் இல்லை. அடக்கமும் நடக்கவில்லை, எலும்புகளை ஆராய்ச்சிக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

சரி, க்ராம்வெல்லுக்கு வருவோம்.

ஆங்கிலேயர்கள் பள்ளியில் படித்த கதையில், ஹென்றியின் இன்னொரு அமைச்சரான தாமஸ் மோர் புனிதர், மனசாட்சிக்காகத் தலையைக் கொடுத்தவர். தாமஸ் க்ராம்வெல் கத்தோலிக்க மடங்களை இடித்த, அரசனுக்காக எந்த அழுக்கு வேலையும் செய்த வில்லன். மோரைப் பற்றி ராபர்ட் போல்ட் எழுதிய நாடகம் இந்த இரண்டு முகங்களையும் இன்னும் அழுத்தி வரைந்துவிட்டது. வரலாற்றாளர் ஜெஃப்ரி எல்டன் 1950களிலேயே க்ராம்வெல்லைப் பெரிய நிர்வாகி என்று எழுதியிருந்தார்தான், ஆனால் அது வரலாற்றுத் துறையோடு நின்றது. அந்தக் காலத்து ஓவியர் ஹோல்பைன் வரைந்த படங்களைப் பாருங்கள், நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் மோரும் க்ராம்வெல்லும் கணப்படுப்பின் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக மாட்டப்பட்டவர்கள். மோர் முகத்தில் கனிவு, க்ராம்வெல் முகத்தில் சின்னக் கண், இறுகிய வாய், கையில் மடித்த காகிதம். நாவலில் க்ராம்வெல் தன் படத்தைப் பார்த்துவிட்டு, தான் கொலைகாரன் மாதிரி இருப்பதாக ஒருவன் சொன்னதை நினைத்துக்கொள்கிறார். மகன் க்ரெகரி கேட்கிறான், இது உங்களுக்குத் தெரியாதா?

மூன்றில் முதல் நாவலான 'வுல்ஃப் ஹால்' தொடங்குவது 1500ஆம் ஆண்டு, பட்னி என்ற ஊர். கருங்கல் தரையில் ஒரு பையன் கிடக்கிறான், கொல்லன் வால்டர் தன் மகனை உதைத்துக்கொண்டிருக்கிறான். எழுந்திரு என்கிறான். பையன் கண்ணுக்கு நேரே அப்பனின் பூட்ஸ். தையல் பிரிந்திருக்கிறது, நூல் தோலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் இறுகிய முடிச்சுதான் புருவத்தில் பட்டு இன்னொரு வெட்டைக் கிழித்தது என்பதை அந்த நிலையிலும் கவனிக்கிறான். அடிபடும்போதும் தையலைக் கவனிக்கிற இந்தப் பையன் பின்னால் என்னவாக வருவான் என்று வேறு எதையும் சொல்லத் தேவையில்லை. நாவல் முழுக்க நிகழ்காலத்தில் நடக்கிறது, கேமரா க்ராம்வெல்லின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறது. 'அவர்' என்று வந்தால் பெரும்பாலும் க்ராம்வெல்தான், முதல் நூறு பக்கம் இதில் தடுமாறாதவர்கள் குறைவு. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அந்த மூளைக்குள்ளிருந்து வெளியே வர மனசே வராது.

அடித்த வரிகள் என்று மேலே சொன்னேன். 1529இல் க்ராம்வெல் எழுதிய உயில் இன்னும் இருக்கிறது. அதில் ஆன், க்ரேஸ் என்ற இரண்டு சின்ன மகள்களுக்கு எழுதிவைத்த வரிகள் பிற்பாடு அடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குழந்தைகளைப் பற்றி வரலாற்றில் மிஞ்சியது கிட்டத்தட்ட அவ்வளவுதான், மேலே ஒரு கோடு. மாண்டெல் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்ப் பார்த்தார். நாவலில் ஆன் கிரேக்கம் கற்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற கெட்டிக்காரி. க்ரேஸ் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை, மயிலிறகால் செய்த சிறகு கட்டிக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறாள். அந்த ராத்திரி விளக்கொளியில் அவள் திரும்பும்போது இறகின் கண்கள் மின்னுவது க்ராம்வெல்லுக்கு மறப்பதே இல்லை. மனைவி லிஸ் வியர்வைக் காய்ச்சல் என்ற கொள்ளைநோயில் காலையில் படுத்து மாலைக்குள் போய்விடுகிறார், பிறகு பெண்கள். மயில் சிறகும் கிரேக்கமும் மாண்டெல் கட்டிக் கொடுத்தவை. கோடு நிஜம். குழந்தை பெற முடியாமல் போன ஒரு எழுத்தாளர் உயிலில் அடித்த இரண்டு பெயர்களுக்கு இவ்வளவு உயிர் கொடுத்ததைப் பற்றி நான் மேற்கொண்டு விளக்க விரும்பவில்லை.

கற்பனைக்கு இடம் கொடுத்தாரே தவிர ஆவணத்தோடு அவர் விளையாடவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அட்டைகள் வைத்திருந்தார், எந்தத் தேதியில் யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்று. யார்க்கில் இருந்த ஒருவரைக் கதை வசதிக்காக லண்டனில் கொண்டுவந்து நிறுத்த மாட்டார். க்ராம்வெல்லின் வீட்டாரைப் பற்றி ஆய்வு செய்த மேரி ராபர்ட்சன் என்ற அமெரிக்க வரலாற்றாளரோடு நெருங்கிப் பழகி, புத்தகத்தை அவருக்கே சமர்ப்பித்தார்.

இதெல்லாம் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தாமஸ் மோருக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. மோர் சான்சலராக, அதாவது நாட்டின் தலைமை நீதி அமைச்சராக, இருந்தபோது மத விரோதிகள் என்று சிலர் எரிக்கப்பட்டது உண்மை. ஆனால் தன் வீட்டில் வைத்துக் கைதிகளைச் சித்திரவதை செய்ததாக வந்த புகாரை மோர் எழுத்திலேயே மறுத்திருக்கிறார். நாவல் எதிராளிகள் சொன்னதைத்தான் தன் பக்கங்களில் நடமாட விடுகிறது. கத்தோலிக்க பிஷப்புகள் சிலர் கோபப்பட்டார்கள், வரலாற்றாளர்களும் கேள்வி கேட்டார்கள். க்ராம்வெல்லின் கண்ணால் பார்த்தால் மோர் அப்படித்தான் தெரிவார் என்ற பதில் ஓரளவுக்குச் சரி, முழுக்கச் சரியில்லை. கேஸ் ஷீட்டை இவ்வளவு கவனமாகப் படித்தவர் இந்த ஒரு ஆளின் வாக்குமூலத்தை மட்டும் சீக்கிரம் மூடிவிட்டார். (மோர் தலை விழுந்த தேதி ஜூலை 6, மாண்டெலின் பிறந்த நாளும் அதே.)

மூன்றில் என் மனசுக்குப் பிடித்தது இரண்டாவது, 'பிரிங் அப் த பாடீஸ்'. ஒன்பது மாதக் கதை, 1535 இலையுதிர் காலத்தில் தொடங்கி 1536 கோடையில் முடிகிறது. ராணி ஆன் பொலினை ஒழிக்க அரசனுக்கு ஒரு வழக்கு வேண்டும், க்ராம்வெல் அதைத் தயார் செய்கிறார். அவருடைய பழைய எஜமான் கார்டினல் வோல்சி செத்தபோது, அவரைப் பிசாசுகள் நரகத்துக்கு இழுத்துப் போவதாக அரண்மனையில் ஒரு நாடகம் போட்டுச் சிரித்தார்கள். ஆளுக்கொரு கை காலைப் பிடித்து இழுத்த நாலு பேர் யார் யார் என்று நாவலின் க்ராம்வெல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்திருக்கிறார். இப்போது ராணியோடு கள்ள உறவு வைத்ததாகக் குற்றம்சாட்ட ஆட்கள் தேவைப்படும்போது அந்த நாலு பேரும், கூடவே இன்னொருவரும் பட்டியலில் ஏறுகிறார்கள். செய்த குற்றத்துக்குத்தான் தண்டனை என்றில்லை, ஏதோ ஒன்றில் குற்றவாளி, அது போதும். விசாரணைக் காட்சிகளில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை, அன்பாகவே பேசுகிறார், எதிரே இருப்பவனுக்கு வியர்க்கிறது. ஒரு நாவல் முழுக்க நாம் நேசித்த ஆள், பொய்க் குறிப்பால் எவ்வளவு கேடு வரும் என்று தெரிந்த ஆள், இப்போது தானே உட்கார்ந்து ஐந்து ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் எதிராகக் கேஸ் ஷீட் எழுதுகிறார். வாசிக்கிற நாமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். மே 19 அன்று ஆன் தலை போகிறது. இதைவிடத் துணிச்சலாக ஒரு எழுத்தாளர் தன் நாயகனைக் கையாண்டு நான் படித்ததில்லை.

மூன்றாவது, 'த மிரர் அண்ட் த லைட்', 2020 மார்ச்சில்தான் வந்தது. இடையில் எட்டு வருடம், உடல்நலக் கேடு, மேடை நாடக வேலை எல்லாம் இருந்தன. புக்கர் நீண்ட பட்டியலோடு நின்றுவிட்டது. நடுவில் இருநூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் 1540 ஜூனில் அமைச்சரவைக் கூட்டத்திலேயே க்ராம்வெல் கைதாகும் இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அசைய முடியாது. கருணை என்ற சொல்லை மூன்று தடவை எழுதி அவர் அரசனுக்கு அனுப்பிய கடிதம் வரலாற்றில் உள்ளது. பதில் வரவில்லை. ஜூலை 28 அன்று தலை விழுந்தது, ஹென்றி அதே நாளில் கேத்தரின் ஹோவர்டைக் கல்யாணம் செய்துகொண்டான்.

பத்திரிகைகள் மாண்டெலையும் ஒருமுறை இப்படி ஒரு வரியில் அடைத்தன. 2013இல் அரச குடும்பத்துப் பெண்களின் உடம்பைப் பற்றி ஒரு உரை. ஆன் பொலினிலிருந்து டயானா, கேட் மிடில்டன் வரை, நாடு இவர்களைப் பிள்ளை பெறும் உடம்பாக மட்டுமே பார்க்கிறது, நாம் முறைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நாளிதழ்கள் கேட் பற்றிய சில வரிகளைப் பிய்த்தெடுத்து, இளவரசியைத் திட்டிவிட்டார் என்று முதல் பக்கத்தில் போட்டன. அப்போது இந்தியாவில் பயணத்தில் இருந்த பிரதமர் டேவிட் கேமரன் அங்கிருந்தபடியே கண்டித்தார். மாண்டெல் மன்னிப்பு கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. முழு உரையைப் படித்த யாரும் அதை வசை என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசி வருடங்களில் டெவன் கடற்கரையில் பட்லி சால்டர்டன் என்ற சின்ன ஊரில் இருந்தார். ஐரிஷ் குடியுரிமை பெற்று அயர்லாந்துக்கே போய்விட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போவதற்குள், 2022 செப்டம்பர் 22 அன்று, பக்கவாதம் வந்து எக்ஸெட்டரில் இறந்தார். வயது 70.

புதிதாக அவரைப் படிக்க நினைப்பவர்களுக்கு: நேரே 'வுல்ஃப் ஹால்' எடுக்காதீர்கள். முதலில் 'கிவிங் அப் த கோஸ்ட்', அது சின்னப் புத்தகம். அடுத்து 2005இல் வந்த 'பியாண்ட் ப்ளாக்', லண்டனைச் சுற்றிய நெடுஞ்சாலை ஊர்களில் மேடை போட்டு ஆவியோடு பேசும் ஆலிசன் என்ற பெண்ணின் கதை, தோட்டத்தில் பார்த்த அந்த உருவமில்லாத ஒன்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். பிறகு க்ராம்வெல். முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியலும் ஹென்றியின் ட்யூடர் குடும்ப வம்சாவளியும் இருக்கும், அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டே படியுங்கள், பாதிப் பேர் தாமஸ்கள்தான்.